பால்மா டின்னும் நாலு மில்லி ஆம்பியரும்

முதலில் காசைக் கரியாக்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். மகள் டெங்குவில் விழுந்து எழுந்த கையோடு டவுனுக்குப் போய், நீல வெளிச்சம் போடும் நுளம்பு லைட் ஒன்றை வாங்கிவந்து பின்பக்க இஸ்தோப்பில் மாட்டினேன். இரவெல்லாம் சட் சட்டென்று சத்தம். அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "எத்தன சாவுது பாருப்பா" என்றார். காலையில் தட்டை இழுத்து வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தேன். விட்டில், ஈசல், சின்ன வண்டு, பெயர் தெரியாத பச்சைப் பூச்சி. நுளம்பு என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. அதுவும் ஆண்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் இதையே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1996-ல் வெளியான அந்தக் கணக்கில், லைட்டில் செத்த 13,789 பூச்சிகளில் கடிக்கும் வகை வெறும் 31. கடிக்க வரும் நுளம்பு வெளிச்சத்தைத் தேடி வருவதில்லை. நாம் விடும் மூச்சில் இருக்கும் காபனீரொட்சைட்டு, உடல் சூடு, வியர்வை நாற்றம், இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. போதாததற்கு டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும் சாதி. இரவு முழுக்க லைட் எரிந்து என்ன பயன்? (வீட்டில் நாங்கள் 'கொசு' என்றுதான் சொல்வோம். நோட்டீசிலும் பாடசாலைப் புத்தகத்திலும் நுளம்பு. எழுதும்போது எனக்கும் நுளம்புதான் வருகிறது.)

நான் இலங்கை மலையகத்தில், நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலை பெக்டரியில் கரண்ட் வேலையும் கருவி வேலையும் பார்ப்பவன். ஒன்பது வருடமாகிறது. மகள் ஆஸ்பத்திரியில் இருந்த அதே மாதத்தில்தான் ஓட்டோமேஷன் (இயந்திரங்களைத் தானாக இயங்க வைக்கும் தொழில்நுட்பம்) சான்றிதழ் பரீட்சைக்கு விண்ணப்பிக்க முடிவெடுத்திருந்தேன். நுளம்பு வேலைக்கும் படிப்புக்கும் என்னிடம் இருந்தது வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்தேன், வேறு பெரிய திட்டமெல்லாம் இல்லை. ஆனால் ஒன்று இன்னொன்றுக்கு இப்படிப் பாடம் சொல்லிக்கொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

பொறி வைப்பதற்கு முன்னால் வளவைச் சுத்தம் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் பொறி வைப்பது, பைப்பைத் திறந்துவைத்துக்கொண்டு தரையைத் துடைப்பது போல. யோகட் கப், சிரட்டை, பழைய டயர் இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாத இடங்களைச் சொல்கிறேன். கூரைப் பீலியில் இலை அடைத்துத் தேங்கும் தண்ணீர். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டை. மலைப்பக்கத்தில் இதுதான் பெரிய கள்ளன். தண்ணீர் பிடித்துவைக்கும் பெரலின் மூடியில் இருக்கும் குழி. பெரலை மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம், மூடியின் மேலேயே குடம்பி, அதாவது நுளம்புப் புழு, நெளிந்துகொண்டிருந்தது.

சரி, இப்போது பொறி. நான் வைத்திருப்பது முட்டைப் பொறி. முட்டையிட வரும் பெண் நுளம்புக்கு வசதியான இடம் ஒன்றை நாமே செய்துகொடுத்து, இட்ட முட்டையை எடுத்து அழிப்பது. கருப்பு நிறம், நிழல், கொஞ்சம் அழுகிய தண்ணீர், சொரசொரப்பான சுவர், இந்த நாலும் அதற்குப் பிடிக்கும்.

ஒரு கிலோ பால்மா டின் எடுத்து உள்ளேயும் வெளியேயும் கருப்புப் பெயின்ட் அடியுங்கள். பெயின்ட் வாசம் முற்றாகப் போகும்வரை ஒரு வாரம் வெயிலில் கிடக்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் ஆணியால் இரண்டு ஓட்டை போடுங்கள். மழை பெய்தால் தண்ணீர் அதற்கு மேல் ஏறாமல் வழிந்துவிடும். ஓட்டை போடாவிட்டால் நாவலப்பிட்டி மழைக்கு ஒரே இரவில் டின் நிரம்பி, முட்டையெல்லாம் வெளியே போய்விடும். உள்ளே ஒரு ஹார்ட்போர்ட் துண்டை, சொரசொரப்பான பக்கம் நடுவைப் பார்த்தபடி, பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாகச் சாய்த்து வையுங்கள். ஏடிஸ் நுளம்பு முட்டையைத் தண்ணீரில் போடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான இடத்தில் ஒட்டிவைக்கும்.

தண்ணீருக்கு நான் மானாப்புல்லைப் பயன்படுத்துகிறேன். ஒரு பிடி புல்லை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, இறுக்கமாக மூடி ஒரு வாரம் விட்டால் நாறத் தொடங்கும். அந்தத் தண்ணீர் ஒரு கோப்பைக்கு நல்ல தண்ணீர் ஒன்பது கோப்பை. அதற்கு மேல் கடுமையாக வேண்டாம், நாற்றம் கூடினால் நுளம்பு கிட்டே வராது. நான் முதலில் நாலு டின் வைத்தேன். ஒன்று கோழிக்கூட்டுக்குப் பின்னால், ஒன்று புதருக்கடியில், ஒன்று குளியலறைச் சுவரோரம், ஒன்று வாழைக்கடியில். நேரடி வெயில் படாத, காற்று அடிக்காத, தரையை ஒட்டிய இடமாக இருக்க வேண்டும். நாய் தட்டிவிடாமல் கம்பியால் கட்டிவைத்தேன்.

இனி, விட்டுக்கொடுக்கவே முடியாத விதி ஒன்று. ஏழு நாளைக்கு ஒரு தடவை கட்டாயம் மாற்ற வேண்டும். சூடான காலத்தில் முட்டை பொரித்துப் பறக்கிற நுளம்பாவதற்கு எட்டிலிருந்து பத்து நாள் போதும். இரண்டு வாரம் மறந்தீர்களானால் நீங்கள் வைத்திருப்பது பொறி அல்ல, நுளம்புப் பண்ணை. பி.எச்.ஐ. மாத்தையா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால், "இது பொறி சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்துக்கு உங்கள் நல்லெண்ணம் தெரியாது.

மாற்றும்போது தண்ணீரைக் கானில் ஊற்றாதீர்கள். காய்ந்த மண்ணில், வெயில் படும் இடத்தில் ஊற்றினால் குடம்பி செத்துவிடும். ஹார்ட்போர்ட் அட்டையைக் கொதிதண்ணீரில் போடுங்கள். டின்னின் உட்சுவரைக் கொதிதண்ணீர் ஊற்றிப் பிரஷால் தேயுங்கள். காயவைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

கொதிதண்ணீரில் போடுவதற்கு முன்னால் அட்டையை ஒரு நிமிடம் பாருங்கள். இந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் இதை எழுதுகிறேன் என்றும் சொல்லலாம். வெறும் கண்ணுக்கு, அட்டையில் டஸ்ட் தூள் ஒட்டியிருப்பது போல இருக்கும். பெக்டரியில் சல்லடைக்கடியில் விழும் அந்தக் கடைசித் தூள் அளவுதான், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. போன் கமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் கருப்பாக, நீளமாக, இரண்டு பக்கமும் கூராக, தண்ணீர்க் கோட்டை ஒட்டி அடுக்கிவைத்தது போல இருக்கும். புதிதாக இட்டது வெள்ளை. சில மணி நேரத்தில் கருத்துவிடும். எண்ணுங்கள். எண்ணி, திகதி போட்டு, டின் நம்பர் போட்டுக் கொப்பியில் எழுதுங்கள். எண்ணும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். ஒன்பது வயதுக் கண் என்னுடையதைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாவது வாரத்தில் கொப்பியைப் பார்த்தபோது வாழைக்கடி டின்னில் சைபர் என்று எழுதியிருந்தாள். மற்ற மூன்றிலும் முப்பது, நாற்பது என்று இருக்க, அதில் மட்டும் சைபர். எனக்குச் சந்தோஷம். அங்கே நுளம்பே இல்லை, டின்னை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று போய்ப் பார்த்தால், டின்னின் அடியில் துருப்பிடித்து ஓட்டை. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. அட்டை காய்ந்து வளைந்து கிடந்தது. தண்ணீரே இல்லாத டின்னில் எந்த நுளம்பு முட்டையிடும்?

அன்று மத்தியானம் படிக்க உட்கார்ந்தபோது முன்னால் இருந்த பக்கம், அளக்கும் கருவி தன் அளவைக் கம்பி வழியாக மின்னோட்டமாக அனுப்பும் நாலிலிருந்து இருபது மில்லி ஆம்பியர் சிக்னல் ஏன் சைபரில் தொடங்காமல் நாலில் தொடங்குகிறது என்பது. அந்த எண்களோடு ஒன்பது வருடம் வேலை செய்திருக்கிறேன். 'லைவ் சீரோ' என்று வாயால் சொல்லியும் இருக்கிறேன். காரணம் அன்றுதான் மண்டைக்குள் இறங்கியது. அளவு சைபராக இருந்தால் கம்பியில் நாலு மில்லி ஆம்பியர் ஓடும். கம்பி அறுந்தால் சைபர். இரண்டும் வேறு என்று கருவிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. 3.6-க்குக் கீழே இறங்கினாலோ 21-க்கு மேலே ஏறினாலோ கோளாறு என்று எடுத்துக்கொள்வது இத்துறை வழக்கம். 'முட்டை இல்லை' என்பது நாலு. 'தண்ணீர் இல்லை' என்பது அறுந்த கம்பி. அன்றிலிருந்து கொப்பியில் புது விதி: டின் ஈரமாக இருந்து முட்டை இல்லாவிட்டால் சைபர், டின் காய்ந்திருந்தால் எண்ணே போடாமல் ஒரு கோடு.

இனிப் பரீட்சையைப் பற்றி. நான் எழுதியது ஐ.எஸ்.ஏ. அமைப்பின் சி.சி.எஸ்.டி. முதலாம் நிலை. ஐ.எஸ்.ஏ. 1945-ல் அமெரிக்காவில் தொடங்கிய கருவியியல் சங்கம். இன்று சர்வதேச ஓட்டோமேஷன் சங்கம் என்று பெயர். சி.சி.எஸ்.டி. என்பது எங்களைப் போல ஸ்குரூ டிரைவர் பிடிக்கும் தொழில்நுட்பவியலாளருக்கானது. முதலாம் நிலைக்குப் படிப்பு, பயிற்சி, வேலை அனுபவம் எல்லாம் சேர்த்து ஐந்து வருடம் வேண்டும். இரண்டாம் நிலைக்கு ஏழு, மூன்றாம் நிலைக்குப் பதின்மூன்று. பொறியியல் பட்டம் உள்ளவர்களுக்கு சி.ஏ.பி. என்று தனியாக ஒன்று இருக்கிறது. நாலு வருடப் பட்டத்தோடு ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். பலர் பெயரைப் பார்த்துவிட்டு நேரே சி.ஏ.பி.க்குப் பாய்கிறார்கள். உங்கள் கை எதில் பழகியதோ அதற்கு விண்ணப்பியுங்கள்.

கட்டணம் டொலரில். சங்க உறுப்பினருக்குக் குறைவு, ஆனால் உறுப்பினராவதற்கும் காசு. இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தொகையையும், எங்கே எப்படி உட்கார்ந்து எழுதலாம் என்பதையும் கட்டுகிற அன்றைக்கு அவர்களுடைய தளத்தில் பார்த்துக்கொள்வதே நல்லது. சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான். அதற்குள் பயிற்சிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி எழுத வேண்டும்.

விண்ணப்பத்தில் என்னை அலையவிட்டது அனுபவக் கடிதம். தோட்டத்துப் பெக்டரியில் நமக்கு எழுத்தில் இருக்கும் பதவி 'எலக்ட்ரீஷியன்' மட்டும்தான். டிரையரின் வெப்பக் கருவியை அளவுதிருத்தினது, பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) மாற்றினது எதுவும் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆகவே இன்றைக்கே ஒரு கொப்பி போடுங்கள். எந்தத் திகதி, எந்தக் கருவி, என்ன கோளாறு, என்ன செய்தேன், மாதக் கடைசியில் மேலதிகாரி கையெழுத்து. இன்னொரு யோசனை: கையில் ஒரு சான்றிதழும் இல்லாதவர்கள் முதலில் நைட்டா (அரசின் தொழிற்பயிற்சி நிறுவனம்) மூலம் என்.வி.க்யூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழை எடுங்கள். முன்னனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழி அங்கே இருக்கிறது. தமிழிலேயே பேசிக் காரியத்தை முடிக்கலாம். நான் அதைத்தான் முதலில் செய்தேன். ஐ.எஸ்.ஏ. பரீட்சை ஆங்கிலத்தில், எல்லாம் பல்தேர்வு வினா. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு வெறும் சாதாரண சித்தி, 'எஸ்' எடுத்தவன் நான். கருவிகளின் கையேடுகளைத் தினம் இரண்டு பக்கம் வாய்விட்டு வாசித்தேன். இந்தப் பரீட்சைக்கு வேண்டிய ஆங்கிலம் அதில்தான் இருக்கிறது, கதைப் புத்தகத்தில் இல்லை.

என்ன படிக்க வேண்டும்? அளவுதிருத்தம், லூப் சோதனை, கோளாறு கண்டுபிடித்தல், இயக்கத் தொடங்குதல், பராமரிப்பு. இவற்றில் லூப் சோதனைக்குத்தான், அதாவது சென்சரிலிருந்து கம்பி வழியாகக் காட்டிவரைக்கும் முழுப் பாதையையும் சோதிப்பதற்குத்தான், நேரத்தை அள்ளிக் கொடுங்கள். ஏன் என்று என் கேவலத்தை வைத்தே சொல்கிறேன்.

ஒரு முறை டிரையரின் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அளந்து சிக்னலாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் போய்விட்டது. ஸ்டோரில் இருந்த புதியதை மாட்டினேன். பார்த்தேன், எண் வருகிறது. சரி என்று பிளேன்டீ குடிக்கப் போய்விட்டேன். புதிய டிரான்ஸ்மிட்டர் 0-200 பாகைக்குச் செட் பண்ணியது. சுவரில் இருக்கும் காட்டி 0-150. உள்ளே உண்மையில் 100 பாகை இருக்கும்போது டிரான்ஸ்மிட்டர் பாதி வழியில் நிற்கும், அதாவது 12 மில்லி ஆம்பியர். காட்டி அந்தப் பாதியைத் தன் கணக்கில் 75 என்று காட்டும். அடுப்புக்காரர் 75-ஐப் பார்த்துவிட்டு விறகை அள்ளிப் போட்டார். காட்டியில் 98 வந்து அவர் திருப்தியாக நின்றபோது உள்ளே 130 தாண்டியிருந்தது. தூள் கருகிய வாசம் கொழுந்து வாட்டும் மாடிவரைக்கும் அடித்தது. பெக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கர் என்னைக் கூப்பிட்ட சத்தம் அதற்கு மேலும் கேட்டிருக்கும்.

நான் செய்திருக்க வேண்டியது பத்து நிமிட வேலை. டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடத்தில் சென்சரைக் கழற்றி, அதற்குப் பதிலாகத் தெரிந்த தடையைக் கொடுக்க வேண்டும். சென்சர் பி.டி. 100 (வெப்பத்துக்கேற்பத் தடை மாறும் வகை) என்றால் 100 ஓம் கொடுத்தால் சைபர் பாகை, 138.5 ஓம் கொடுத்தால் 100 பாகை. கம்பியில் எத்தனை மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பார்த்து, கடைசியில் காட்டியில் என்ன எண் வருகிறது என்று பார்த்து, மூன்றையும் ஒரே வரியில் எழுத வேண்டும். சைபர், கால், அரை, முக்கால், முழு என்று ஐந்து இடத்தில். எண் வருகிறது என்பதும் சரியான எண் வருகிறது என்பதும் ஒன்றல்ல. இந்த ஒரு கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகுங்கள்: மில்லி ஆம்பியரிலிருந்து நாலைக் கழி, பதினாறால் வகு, அளவீட்டு நீளத்தால் (0-150 என்றால் 150) பெருக்கு, தொடக்க எண்ணைக் கூட்டு.

எனக்குக் கடைசிவரை தண்ணி காட்டியது கட்டுப்பாட்டுப் பகுதி. வெப்பம் போன்ற அளவைச் சொன்ன எண்ணிலேயே நிறுத்திவைக்கும் பி.ஐ.டி. முறை, அதைச் சரிப்படுத்தும் ட்யூனிங், 1942-ல் ஜீக்லரும் நிக்கல்ஸும் சொன்ன முறை, எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணினேன். 'டெட் டைம்', அதாவது கையை வைத்ததற்கும் விளைவு தெரியத் தொடங்குவதற்கும் இடையிலான நேரம், அது மட்டும் ஒட்டவில்லை. இங்கேயும் டின்தான் கைகொடுத்தது. நாலாவது வாரம் பக்கத்து வளவில் ஒரு மூங்கில் கட்டையைக் கண்டுபிடித்து மண் போட்டு அடைத்தோம். அடுத்த வாரம் முட்டை குறையவில்லை, கொஞ்சம் கூடியது. நான் பதறி டின்களை எல்லாம் இடம் மாற்றப் போனேன். அம்மா தடுத்தார். "மேல ஓடையில பைப்ப மூடுனா கீழ உடனேயா நிக்குது? குழாயில இருக்கற தண்ணி வடியணும்ல?" அதேதான். கட்டையை அடைத்த அன்றைக்கு ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தவை வாரக்கணக்கில் உயிரோடு இருந்து முட்டையிடும். செய்ததன் விளைவு தெரிவதற்கு முன்னால் மறுபடி கையை வைத்தால், டிரையரில் வெப்பம் மேலும் கீழும் ஆடுவது போலக் கணக்கும் ஆடும்; எது எதனால் என்று தெரியாது. மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். எண்ணிக்கை இறங்கியது.

பி.எல்.சி. பழகுவதற்குக் கருவி வாங்க வேண்டாம். கோடெசிஸ் மென்பொருளை இலவசமாக இறக்கி, லெப்டொப்பிலேயே பொய் இயக்கமாக ஓட்டிப் பார்க்கலாம். நான் முதலில் எழுதிய லேடர் (பி.எல்.சி.க்கு ஏணி போல வரைந்து எழுதும் நிரல்), டிரையர் விசிறி ஓடாவிட்டால் கொழுந்து போடும் பட்டி ஓடக்கூடாது என்பது. அதை எழுதி, வேண்டுமென்றே உடைத்து, மறுபடி எழுதுங்கள். யூடியூப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் கை பழகாது.

என் ஞாயிறு இப்படித்தான் போனது. காலை ஏழிலிருந்து எட்டரை டின். கொதிதண்ணீர் ஆறும்வரை ஒரு லூப் கணக்கு. பத்திலிருந்து ஒரு மணி படிப்பு. மாலையில் போன வாரம் தப்பு விட்ட வினாக்கள் மட்டும். வார நாளில் ஷிஃப்ட் முடிந்து வந்தால் அரை மணிக்கு மேல் மூளை வேலை செய்யாது, அதனால் முயலவும் இல்லை. ஏழு மாதம் எடுத்தது.

டின்னைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி. ஒரு வீடு மட்டும் வைத்தால் பெரிய பயன் இல்லை. ஏடிஸ் அதிக தூரம் பறக்காது. ஆனால் வேலி தாண்டும் அளவுக்குப் பறக்கும். கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் ஒட்டும் அட்டை வைத்த கருப்பு வாளிப் பொறிகளை வீட்டுக்கு மூன்று என்று, ஊரில் பத்தில் எட்டு வீட்டுக்கு மேல் வைத்தபோதுதான் நுளம்பு பாதிக்கும் கீழே போனது. எங்கள் வரிசையில் பதினோரு வீடு. இப்போது ஆறு வீட்டில் டின் இருக்கிறது. மீதி ஐந்து வீட்டுக்காரர்களுக்குப் புல் தண்ணீர் நாற்றம் பிடிக்கவில்லை. பச்சைத் தண்ணீரிலேயே வையுங்கள், முட்டை குறைவாக விழும், பரவாயில்லை என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாற்ற மறக்கும் வீடு என்று தெரிந்தால் கொடுக்கவே மாட்டேன்.

பரீட்சைக்காக இரண்டு நாள் கொழும்பில் நிற்க வேண்டியிருந்தது. இரண்டாவது நாள் ஞாயிறு. எழுதி முடித்து வெளியே வந்து போனைத் திறந்தால் வீட்டிலிருந்து நாலு மிஸ்ட் கோல். நெஞ்சு பதைக்கத் திரும்ப எடுத்தேன். மகள்தான்.

"அப்பா, வாழமரத்து டின் சாஞ்சு கெடக்கு. முட்டையே இல்ல."

"தண்ணி இருக்கா?"

"இல்ல. அதான் கோடு போட்டுட்டேன். சரிதானே?"